ஆவுளியா கண்ணில் பட்டால்: பாக் விரிகுடாவில் படகில் போகிறவர்களுக்கு

ஆவுளியாவை (கடல் பசுவை) பார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, ஓங்கிலை, அதாவது டால்பினைத் தேடுவதுபோல அதைத் தேடுவது. ஓங்கில் துள்ளும், கூட்டமாக வரும், படகுக்கு முன்னால் ஓடி விளையாடும். ஆவுளியாவுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. மூக்குத் துளைகள் இரண்டும் நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே வரும். புஸ்ஸென்று ஒரு மூச்சு, இரண்டு விநாடி, பிறகு வெறும் தண்ணீர். நீங்கள் கேமராவின் மூடியைக் கழற்றுவதற்குள் அது மறுபடி கடல்புல்லுக்குள் முகம் புதைத்திருக்கும்.

கடல் பசு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. புல் மேய்வதால் வந்த பெயர். உறவுமுறை பார்த்தால் யானைக்குத்தான் அது பங்காளி. வளர்ந்த ஆவுளியா இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளம், முந்நூறு நானூறு கிலோ எடை இருக்கும். ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ கடல்புல் தின்னும். எழுபது வயது வரை வாழக்கூடியது. ஆனால் பெண் ஆவுளியா முதல் குட்டி போடவே பத்து வயதுக்கு மேல் ஆகலாம், வயிற்றில் சுமப்பது 13 முதல் 15 மாதம், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. இந்தியக் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலே 200 முதல் 250 இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிகோபார் தீவுகள், இவ்வளவுதான் அவற்றின் இடம். ஆகவே மூன்று பயணத்தில் ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போனால் அது உங்கள் படகோட்டியின் குற்றமில்லை. அது மேய்ந்துவிட்டுப் போன தடத்தைப் பார்த்தாலே நல்ல பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் கீழே இருக்கிறது.

எங்கே, எப்போது

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்த கடற்பசு பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு. நாட்டில் இதுதான் முதலாவது. அதற்குள் 12,250 எக்டேர் கடல்புல் படுகை. அதற்குத் தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு, பிரப்பன்வலசை இரண்டு ஊரிலும் வனத்துறையின் சூழல் சுற்றுலா உண்டு. படகும் துடுப்புப்படகும் இங்கே முறையாகக் கிடைக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று கொஞ்சம் கூடினாலே படகை நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதுதான் சரி.

மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் காசு கொடுத்து ஏறிப் போகாதீர்கள். அந்தப் படகில் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. கடலில் ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்கும் பாதுகாப்பில்லை, படகுக்காரருடைய பிழைப்பும் போய்விடும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைப்பதும் குற்றம். பாக் விரிகுடாவில் கிழக்கே போகப் போக இலங்கைக் கடல் எல்லை இருக்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டரைத் தாண்ட வேண்டிய காரணமே இல்லை. ஆவுளியா மேய்கிற புல்லும் பெரும்பாலும் பத்து மீட்டருக்குக் குறைவான ஆழத்தில்தான் இருக்கிறது.

ராமேசுவரம் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் அமைதியானது என்ற பேச்சை நம்பி வாடைக்காலத்தில் இறங்கிவிடக் கூடாது. அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை அடிக்கும்போது அடிச்சேறு முழுக்கக் கலங்கி, கை முழங்கை அளவு நீருக்குள் போனாலே விரல் தெரியாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இழுவலைச் சத்தம் இல்லாத அந்த முதல் இரண்டு வாரமும் காற்று ஒத்துழைத்தால் அருமையான நாட்கள்.

நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. காற்று எழும்பி அலையின் நுனி வெள்ளையாக உடைய ஆரம்பித்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிட்டுக் கரைக்குத் திரும்புவது மேல். வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு மூக்கைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

எடுத்துப்போக வேண்டியவை

உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கு ஒன்று, படகு கிளம்புமுன்பே மாட்டியிருக்க வேண்டும். குடிநீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டுகிற போலராய்ட் கண்ணாடி; இது இல்லாமல் போவதும் போகாமலிருப்பதும் ஒன்றுதான். தொலைநோக்கியில் 7 அல்லது 8 மடங்கு போதும். 10 மடங்கு வாங்கியவர்கள் படகின் ஆட்டத்தில் வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நோட்டு, பென்சில் (பேனா மை ஈரத்தில் ஓடும்), வலை அறுக்கிற கொக்கிக் கத்தி, 5 மீட்டர் நைலான் கயிறு, 4 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய். கத்தியும் தார்ப்பாயும் எதற்கு என்பது பின்னால் வரும்.

இன்னொன்று நீங்களே செய்துகொள்ள வேண்டியது: நீருக்குள் பார்க்கும் வாளி. பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் அடியை, ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு நிற்கும்படி வட்டமாக அறுத்தெடுங்கள். வாளியின் உள்ளடிக்குச் சரியாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன் அக்ரிலிக் தகட்டை வெட்டி, உள்ளிருந்து அந்த விளிம்பின்மேல் உட்காரவைத்து, சுற்றிலும் மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் சிலிக்கோனை இடைவெளி விடாமல் பூசுங்கள். ஒரு முழுநாள் காய வேண்டும். அவசரப்பட்டு மறுநாள் காலையே கடலில் வைத்தவர்களுடைய வாளிதான் ஒழுகும். உட்சுவரில் கறுப்புச் சாயம் அடித்தால் வெளிச்சம் எதிரொளிக்காது. நீரில் வைக்கும்போது நேராக அழுத்தாமல் சாய்த்து இறக்க வேண்டும். நேராக இறக்கினால் விளிம்புக்குள் காற்றுக்குமிழி சிக்கி, கண்ணாடிக்குக் கீழே வெள்ளி பூசியதுபோல எதையும் மறைத்துவிடும். மூன்று மீட்டர் ஆழத்துப் புல்லின் இலைநுனி வரை இதில் தெளிவாகத் தெரியும். முந்நூறு நானூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

மேய்ந்த தடம்

ஆவுளியா புல்லின் நுனியைக் கடித்துவிட்டுப் போகிற பிராணி அல்ல. தடித்த மேல் உதட்டால் மண்ணைக் கிளறி, இலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கித் தின்னும். அதனால் அது மேய்ந்த இடம் புல்வெளிக்கு நடுவே ஒற்றையடிப் பாதைபோல வெறும் மணலாகத் தெரியும். அகலம் 10 முதல் 25 சென்டிமீட்டர், ஆழம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர், நீளம் சில மீட்டர். பாதை லேசாக வளைந்து வளைந்து போகும், அடி தட்டையாக இருக்கும், இரு கரையிலும் புல் உயரமாக நிற்கும். ஒரு மூச்சுக்கு ஒரு தடம் என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்க மேலே போகிற இடத்தில் தடம் சட்டென்று முடிந்துவிடும்.

இதோடு குழப்பிக்கொள்வது மூன்றை. படகின் காற்றாடி (எஞ்சினோடு நீருக்குள் சுழலும் விசிறி) கிழித்த தடம் நேராக, நீளமாக, ஆங்கில வீ எழுத்துபோலக் குறுகிய அடியோடு இருக்கும். வேர்கள் வெட்டுப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நங்கூரம் இழுத்த தடம் ஒரு பக்கம் குழியாகத் தொடங்கி மெலிந்து முடியும். பேராமை (புல் மேயும் பச்சைக் கடலாமை) மேய்ந்த இடத்தில் இலை மட்டும் கத்தரித்ததுபோலக் குட்டையாக இருக்கும், வேர் அப்படியே இருக்கும், மண் கிளறப்பட்டிருக்காது.

தடம் புதிதா பழையதா என்பதையும் பார்க்கலாம். புதிய தடத்தின் ஓரங்கள் செங்குத்தாக நிற்கும், அடிமணல் சுற்றுமணலைவிடக் கறுத்திருக்கும், பிய்ந்த வேர்நுனி வெள்ளையாகத் தெரியும். ஓரங்கள் சரிந்து, உள்ளே மெல்லிய பாசி படர்ந்து, ஒன்றிரண்டு தளிர் எட்டிப்பார்க்கிறது என்றால் அது மேய்ந்து வாரக்கணக்கு ஆகியிருக்கும். புதிய தடங்கள் நாலைந்து அருகருகே கிடந்தால் அங்கே நிற்பதில் பலன் உண்டு.

மேற்பரப்பிலும் அடையாளம் கிடைக்கும். சுற்றிலும் தெளிந்த நீரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புகைபோலச் சேறு எழும்பி, அது மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தால் அடியில் ஏதோ மேய்கிறது. வேரோடு பிய்ந்த புல் மிதந்து வருவதும் அப்படித்தான், ஆனால் இழுவலைப் படகு போன இடத்திலும் அது மிதக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. நார் நாராக, குதிரைச் சாணம்போல மிதக்கும் எச்சம் இன்னொரு தடயம். பேராமையின் எச்சமும் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடந்து பார்க்கலாமா? பார்க்கலாம், இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். புல்லின்மேல் மிதிக்காமல் மணல் திட்டுகளில் கால் வையுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலைச் சொடுக்கும். அடி தடித்த ரப்பர் செருப்பு, பின்வார் உள்ளதாக.

காத்திருக்கும் முறை

புதிய தடமோ சேற்றுப் புகையோ கிடைத்த இடத்துக்கு நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளி எஞ்சினை நிறுத்துங்கள். நங்கூரம் போடுவதானால் மணல் திட்டில் மட்டும். புல்லில் போட்ட நங்கூரம் தூக்கும்போது ஒரு கட்டுப் புல்லோடு வரும். நீங்கள் பார்க்க வந்த விலங்கின் சாப்பாடு அது.

நாலு பேர் இருந்தால் கடலை நாலாகப் பிரித்து ஆளுக்குக் கால்வட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அது முதுகுப் பக்கம் மூச்சுவிட்டுவிட்டுப் போகும். கண்ணை ஒரே இடத்தில் நிலைக்கவிடாமல் மெல்ல இடமிருந்து வலம் ஓட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டால் சூரியன் பக்கம் இருப்பவரின் கண் தப்பிக்கும். பேச்சைக் குறையுங்கள். படகின் பலகையில் பாத்திரம் உருட்டுவது, டொம்மென்று குதிப்பது இவை பேச்சைவிட மோசம், ஏனென்றால் அந்தச் சத்தம் நேரே தண்ணீருக்குள் இறங்கும். ஆவுளியாவுக்குப் பார்வை மந்தம், காது கூர்மை.

மூச்சுச் சத்தம் கேட்டால் உடனே நேரத்தைக் குறியுங்கள். மேய்கிற ஆவுளியா இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வரும், அமைதியாக இருந்தால் கொஞ்சம் கூடலாம். மூன்று முறை குறித்தால் அதனுடைய தாளம் பிடிபட்டுவிடும். நாலாவது மூச்சுக்கு முன்பே கேமராவை அந்தப் பக்கம் திருப்பித் தயாராக இருக்கலாம். சேற்றுப் புகை நகர்கிற திசையில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி எதிர்பாருங்கள்.

அது ஆவுளியாதானா

பார்த்ததாகச் சொல்லப்படுவதில் பாதி ஆவுளியா அல்ல. முதுகில் துடுப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஓங்கில். சிக்கல், முதுகுத் துடுப்பே இல்லாத ஒரு சிறிய ஓங்கில் இனமும் இந்தக் கடலில் இருப்பதுதான். அது ஒன்றரை மீட்டர் அளவுதான், நிறம் கருஞ்சாம்பல், சக்கரம் உருள்வதுபோல வேகமாக முதுகை வளைத்து அடுத்தடுத்து நாலைந்து முறை மேலே வரும். ஆவுளியா அப்படி உருளாது. முதலில் மழுங்கிய மூக்கு, அதன் உச்சியில் இரண்டு துளைகள், ஒரு மூச்சு. பிறகு அகலமான, பழுப்பும் சாம்பலும் கலந்த வழுவழுப்பான முதுகு மெதுவாகச் சரிந்து இறங்கும். ஆழமான இடமாக இருந்தால் பிறைபோன்ற வால் கடைசியில் ஒருமுறை எழும்பும். முதுகில் இணைகோடுகளாக வெள்ளைத் தழும்புகள் இருந்தால் இன்னொரு ஆவுளியாவின் தந்தம் கீறியது. ஆணுக்குத் தந்தம் வெளியே வரும். பேராமை என்றால் முஷ்டி அளவுத் தலை மட்டும் மேலே வந்து, சற்றே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு நேராக அமிழும்.

குட்டி கூட இருந்தால் தாயின் முதுகுக்குச் சற்று மேலேயோ பக்கவாட்டிலோ ஒட்டிக்கொண்டே வரும். ஒரு மீட்டரைச் சுற்றி நீளம், நிறம் வெளிர். பெரிய மூச்சுச் சத்தத்துக்கு ஒட்டினாற்போல ஒரு சின்னச் சத்தம் கேட்டால் குட்டிதான்.

கிட்டப் போவது

போகாமலிருப்பதே நல்லது. அது தானாக உங்களை நோக்கி மேய்ந்து வந்தால் அசையாமல் உட்கார்ந்திருங்கள். அப்படி வருவதுண்டு, எஞ்சின் அணைந்த படகு அதற்கு ஒரு மிதக்கிற கட்டைதான்.

நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் முந்நூறு மீட்டரிலேயே வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் பக்கவாட்டாக வந்து, நூறு மீட்டரில் எஞ்சினை அணைத்துக் காற்றோடு மிதந்து போங்கள். பின்னாலிருந்து துரத்தாதீர்கள், முன்னால் போய் மறிக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கும் ஆழமான கடலுக்கும் நடுவில் படகை நிறுத்தக் கூடாது. மிரண்ட ஆவுளியா ஆழத்தை நோக்கித்தான் ஓடும், அந்த வழியை அடைத்தால் கரைப்பக்கம் திரும்பித் தரைதட்டும். ஒரு நேரத்தில் ஒரு படகு, இருபது நிமிடம், பிறகு விலகிவிட வேண்டும். குட்டி இருந்தால் நூறு மீட்டருக்குள் நுழையவே வேண்டாம்.

துடுப்புப்படகில் போகிறவர்கள் சத்தமில்லாததால் தொந்தரவும் இல்லை என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சத்தமே இல்லாமல் பக்கத்தில் போய்விடுவதால் மூச்சுக்கு மேலே வருகிற விலங்கு பத்தடியில் படகைக் கண்டு திடுக்கிட்டுப் பாயும். முந்நூறு கிலோ உடம்பு வாலை ஒரு அடி அடித்தால் துடுப்புப்படகு கவிழ்வதற்கு அது போதும். ஐம்பது மீட்டர் தள்ளியே இருங்கள், அவ்வப்போது துடுப்பால் படகின் பக்கத்தை லேசாகத் தட்டுங்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியட்டும்.

நடைமுறையில் நெருங்கிப் போவது பெரும்பாலும் பயணி கேட்டு நடப்பதுமில்லை. வந்தவர்கள் ஏமாந்து போகக் கூடாதே என்று படகோட்டியே விசையைத் திருகுவார். ஏறும்போதே, "அண்ணே, பார்த்தா கிட்டப் போக வேணாம், தள்ளியே நிப்பாட்டிடுங்க, தூரத்துலேர்ந்து பார்த்தாப் போதும்" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

மூச்சு இடைவெளி திடீரென்று குறைவது, மேய்வதை விட்டு ஒரே திசையில் நேராக நீந்துவது, ஆழமில்லாத இடத்திலும் வாலைத் தூக்கி அமிழ்வது, தாய் வந்து உங்களுக்கும் குட்டிக்கும் நடுவில் நிற்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள். எஞ்சினைப் போட்டு விரட்டினாற்போல ஓடாமல், முதலில் மிதந்து விலகி, நூறு மீட்டருக்கு அப்பால் போய் எஞ்சினைத் தொடங்குங்கள். கூட நீந்தலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், கூடாது. ட்ரோனும் வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் கூடாது.

வலையில் சிக்கியிருந்தால்

ஆவுளியாக்கள் சாவதற்கு முக்கியக் காரணம் வலை. அகலக்கண் உள்ள திருக்கை வலை போன்ற செவுள்வலைகளில் துடுப்பும் வாலும் மாட்டிக்கொண்டு, மேலே வர முடியாமல் சில நிமிடத்தில் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் இங்கே எல்லாமே ஒரு வரிசைப்படி நடக்க வேண்டும்.

முதலில் மூக்கு. வலையின் மேல்கயிற்றைப் பிடித்து மெல்லத் தூக்கி மூக்குத் துளைகள் நீருக்கு மேலே வரச் செய்யுங்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டால் உங்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது. படகுக்குள் ஏற்ற முயல வேண்டாம், அந்த எடையில் அதன் நுரையீரல் நசுங்கும், படகும் சாயும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். வலைக்குச் சொந்தக்காரர் அங்கே இருந்தால் அவர் சொல்கிறபடி நடங்கள், வலையின் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து தலைப்பக்கத்து வலை, பிறகு முன்துடுப்புகள், வால் கடைசி. கொக்கிக் கத்தியின் முனை எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இழையை இழுத்துப் பிடித்து, தோலுக்கும் இழைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டு, வெளிப்பக்கமாக அறுங்கள். வாலுக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, தண்ணீருக்குள் இறங்கவும் கூடாது. வாலை முதலில் விடுவித்தால் பாதி வலையோடு பாய்ந்துவிடும். துடுப்பில் வளையமாக மிஞ்சிய நைலான் அது வளர வளரச் சதைக்குள் இறங்கும். கடைசி இழையை அறுக்குமுன் ஒருமுறை முழு உடம்பையும் கண்ணால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஒருவர் மட்டும் படம் பிடிக்கலாம், ஓரமாக நின்று. ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. அறுத்த வலை அந்த மீனவரின் முதலீடு. நீங்கள் எடுத்த அரை நிமிட வீடியோ அவருக்கு ஆதாரமாகும். அதை அவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

கரையில் கிடந்தால்

உயிரோடு கிடக்கிறது என்றால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண் கையில் இல்லையென்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554, இரண்டும் கட்டணமில்லாதவை. ஆள் வரும்வரை வயிறு தரையில் படும்படி கிடக்கட்டும், மல்லாக்கவோ பக்கவாட்டிலோ உருட்ட வேண்டாம். முன்துடுப்புகள் மடங்கி நசுங்காமலிருக்க அவற்றுக்குக் கீழே மணலில் சின்னக் குழி தோண்டுங்கள். தார்ப்பாயை நாலு பேர் பிடித்து நிழல் கொடுங்கள். துணியை நனைத்து முதுகில் போர்த்தி, கடல்நீரை அடிக்கடி ஊற்றுங்கள், மூக்குத் துளைகளில் மட்டும் ஒரு சொட்டும் விழக் கூடாது. அது ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் துளையை மூடிக்கொள்ளும், திறக்கிற நொடியில் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்கு.

வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் தள்ளுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். முதுகெலும்பும் துடுப்பு மூட்டும் அதில்தான் போகின்றன. தூக்க வேண்டியிருந்தால் தார்ப்பாயை அடியில் செலுத்தி எட்டுப் பத்துப் பேர் சமமாகத் தூக்க வேண்டும், அதுவும் வனத்துறையோ கால்நடை மருத்துவரோ சொன்ன பிறகு. தனியாகக் கிடக்கும் குட்டியை அவசரப்பட்டுக் கடலில் விட்டுவிடாதீர்கள். ஒன்றரை வருடம் வரை தாய்ப்பால் குடிப்பது அது. தாய் பக்கத்தில் இல்லாமல் விட்டால் சாகத்தான் விடுகிறீர்கள்.

செத்துக் கிடந்தால் தொடாமல், நகர்த்தாமல், இடம், நேரம், ஆணா பெண்ணா தெரிந்தால் அது, மூக்கிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை நேர்க்கோட்டு நீளம், இவ்வளவையும் குறியுங்கள். வலது பக்கம், இடது பக்கம், துடுப்பின் அடி, வால் என்று தனித்தனிப் படம். துடுப்பைச் சுற்றி மெல்லிய கோடுபோல அழுந்தியிருந்தால் வலை. முதுகில் வரிசையாகச் சாய்ந்த வெட்டுகள் என்றால் படகுக் காற்றாடி. பல்லையோ எலும்பையோ நினைவுக்கு எடுத்துவருவது விளையாட்டல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு, குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை சிறை. கறிக்கு மருத்துவ குணம் உண்டு என்று காதோடு சொல்லி யாராவது விற்க வந்தாலும் இதே சட்டம்தான்.

பார்த்ததை எழுதிவைப்பது

தேதி, முதல் மூச்சும் கடைசி மூச்சும் கண்ட நேரம், ஜிபிஎஸ் புள்ளி, ஆழம் (கயிற்றில் ஒரு ஈயக்குண்டு கட்டி இறக்கினால் தெரிந்துவிடும்), அடியில் புல்லா மணலா, எத்தனை உருப்படி, குட்டி உண்டா, மேய்ந்ததா கடந்து போனதா, பக்கத்தில் என்ன வலை, எத்தனை படகு. கரைக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் ஆழமும் நேரமும் நிச்சயம் மாறிப்போகும், படகிலேயே எழுதுங்கள். அந்தக் குறிப்பை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

படத்தை நண்பர்களுக்கும் காட்டலாம், இடத்தைக் காட்ட வேண்டாம். கைபேசி எடுத்த படத்துக்குள்ளேயே இடப்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். பகிருமுன் பகிர்வுப் பக்கத்திலேயே இருப்பிடத்தை நீக்கும் வசதியை அழுத்துங்கள், இல்லையென்றால் படத்தைத் திரையில் திறந்து திரைப்பிடிப்பு எடுத்து அதை அனுப்புங்கள். பின்னணியில் கலங்கரை விளக்கமோ தஞ்சைக் கடற்கரையில் நிற்கும் மனோரா கோபுரமோ தெரிந்தால் அந்தப் பக்கத்தை வெட்டிவிட வேண்டும். தலைப்பில் ஊர்ப்பெயருக்குப் பதில் பாக் விரிகுடா என்று போட்டால் போதும்.